மிச்சத் தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

மின்சாரம் ஒரு மணி நேரம் நின்றால் விசிறியைத் தேடுகிறோம். ஒரு நாள் நின்றால் மின்வாரியத்தாரை ஏசுகிறோம். ஒரு மாதம் நின்றால் என்ன செய்வோம் என்பதை நம்மில் பெரும்பாலோர் நினைத்துப் பார்த்ததில்லை. அப்படி நினைப்பதே அபசகுனம் என்று சொல்லும் பெரியவர்களும் நம் வீடுகளில் உண்டு. சகுனம் பார்ப்பதற்கு நம் மார்க்கத்தில் இடமில்லை. ஆகவே, துணிந்து நினைத்துப் பார்ப்போம்.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் தீர்த்தமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. இந்து சகோதரர்கள் புனிதமாகக் கருதும் தீர்த்தங்கள் மலைமேல் பல இருப்பதால் மலைக்கே அந்தப் பெயர் வந்தது. அவற்றில் ஒன்று உயரப் பாறையிலிருந்து தானாக வீழ்கிறது. அதற்கு மோட்டார் வேண்டியதில்லை, மின்கம்பி வேண்டியதில்லை. மலையை விட்டுக் கீழே இறங்கினால் நிலைமை வேறு. இந்த வட்டாரம் வறண்ட பூமி. முன்னோர் காலத்தில் திறந்த கிணறு இருந்தது. கவலை மாடு இறைத்தது. வீட்டுப் பெண்கள் கயிறும் வாளியுமாகச் சேந்தினார்கள். பிறகு ஆயில் இன்ஜின் வந்தது, அதன்பின் மின்மோட்டார் வந்தது. நீர்மட்டம் இறங்க இறங்க, ஆழ்துளைக் குழாயும் கூடவே இறங்கிற்று. பல நூறு அடிக்குக் கீழே கிடக்கும் தண்ணீரை மனிதன் கையால் இழுக்க முடியாது. அந்தத் தண்ணீரிலும் மாவட்டத்தின் பல இடங்களில் ஃபுளோரைடு கலந்திருந்து, பிள்ளைகளின் பல்லில் கறையும் பெரியவர்களின் எலும்பில் வலியுமாக வெளிப்பட்டது. அதைப் போக்கவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது. நல்ல திட்டம்தான், ஆனால் காவிரித் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றவும் பெரும் மோட்டார்கள் ஓடியாக வேண்டும்.

ஆக, பாறை நீரை விட்டால் அடிவாரத்து மக்கள் குடிக்கும் ஒவ்வொரு குடத்துக்குப் பின்னாலும் ஒரு மின்கம்பி இருக்கிறது. அது மாதக் கணக்கில் செத்துக் கிடந்தால் முதலில் போவது விளக்கு என்று நினைக்கிறோம். அன்று, முதலில் போவது தண்ணீர். அடுத்து மாவு மில் நிற்கும். பெட்ரோல் பங்கில் எண்ணெய் நிலத்தடித் தொட்டியில் இருக்கும், மேலே வராது. பணம் வங்கியில் இருக்கும், கைக்கு வராது. ரேஷன் கடையில் அரிசி இருக்கும். விரல் ரேகை பார்க்கும் கருவி உறங்கிவிடும். கைபேசி கோபுரத்தின் பேட்டரி தீர்ந்ததும், துபாயிலும் ரியாதிலும் இருக்கும் பிள்ளையின் குரலும் நின்றுவிடும்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அந்த அடிவாரத்தில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு தெரு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்காரர் முன்யோசனை உள்ளவர். சொந்த ஆழ்துளைக் கிணறு, அதற்குச் சூரிய ஒளியில் ஓடும் பம்ப், பெரிய தொட்டி, பத்தாயத்தில் நெல், கொட்டகையில் இரண்டு பீப்பாய் டீசல் எல்லாம் வைத்திருக்கிறார். மற்ற முப்பத்தொன்பது வீட்டிலும் வெறுங் குடம். ஊர்த் தொட்டி வற்றிவிட்டது. எப்போது மின்சாரம் வரும் என்று சொல்வாரும் இல்லை. அவர் வீட்டுத் தேவை போக மிஞ்சும் தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

சட்டப் புத்தகத்தைக் கேட்டால் அவருக்கே என்று சொல்லும். அவருடைய காசு, அவருடைய கிணறு. மார்க்கம் என்ன சொல்கிறது?

இது வெறும் கற்பனைக் கேள்வி என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2008 முதல் ஆறேழு ஆண்டுகள் தமிழ்நாடு மின்வெட்டில் வாடியதை மறந்திருக்க மாட்டோம். 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லை. விசைத்தறி நின்றது, பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்த நாட்களில் நடந்த ஒன்றை நாம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. கையில் காசிருந்தவர் இன்வெர்ட்டர் வாங்கினார். இல்லாதவர் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். ஒரே தெருவில் வெளிச்ச வீடென்றும் இருட்டு வீடென்றும் இரு சாதிகள் உண்டாயின. வெளிச்ச வீட்டாரின் ஜன்னல்கள் சாத்தியே இருந்தன.

அது பற்றாக்குறை. முழுச் சரிவு வேறு. 2012 ஜூலை 30-ஆம் நாள் பின்னிரவில் வட இந்திய மின்தொகுப்பு விழுந்தது. மறுநாள் பகல் ஒரு மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்று தொகுப்புகளும் சேர்ந்து விழுந்தன. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருண்டது. ரயில்கள் நடுவழியில் நின்றன. அன்று தென்னகம் தப்பியதற்குக் காரணம் நம் சாமர்த்தியமல்ல. தென்னகத் தொகுப்பு அப்போது வடக்கோடு ஒரே துடிப்பில் இணைக்கப்படாமல் இருந்ததுதான். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் – சோலாப்பூர் கம்பி வழியே அதுவும் இணைந்துவிட்டது. குறைந்த இடத்துக்குக் கூடிய இடத்திலிருந்து மின்சாரம் வருகிறது, நன்மைதான். கூட்டுக் குடும்பத்தில் சோறும் பொது, காய்ச்சலும் பொது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விழுந்த தொகுப்பு எழுவது எப்படி என்பதை அறிந்தால் வியப்பாயிருக்கும். அனல் மின்நிலையம் எழுவதற்கே மின்சாரம் வேண்டும். நிலக்கரியை அரைக்க, கொதிகலனுக்கு நீர் ஏற்ற, காற்றை ஊத எல்லாவற்றுக்கும் மோட்டார். விழுந்து கிடக்கும் பெரிய நிலையம் தன்னைத் தானே தூக்கிக்கொள்ள முடியாது. அணைக்கட்டின் அடியிலுள்ள சிறிய நீர்மின் நிலையமோ, பேட்டரியையும் சிறு டீசல் இயந்திரத்தையும் கொண்டு மதகைத் திறந்துவிட்டால் சுழலத் தொடங்கிவிடும். அந்தச் சிறியது முதலில் எழுந்து, பக்கத்திலுள்ள பெரியதற்குக் கை கொடுக்கும். பிறகு அது வேறொன்றுக்கு. இடையிடையே ஊர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். அவசரப்பட்டு ஒரே சமயத்தில் எல்லா ஊரையும் சேர்த்தால் பாரம் தாங்காமல் மறுபடியும் விழும். 2012-இல் இரண்டொரு நாளில் எழுந்துவிட்டது. கம்பமும் கம்பியும் நிலைத்திருந்ததால் அது முடிந்தது.

கம்பமே விழுந்தால்? அதையும் கண்டுவிட்டோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரணியம் பகுதியில் கரையேறிய கஜா புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அது ரபீவுல் அவ்வல் மாதம். மௌலிது ஓதி, விளக்கலங்காரம் செய்ய வேண்டிய நாட்களில் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் முதலிய நம் ஊர்கள் இருட்டில் கிடந்தன. நகரங்களுக்குச் சில நாட்களில் மின்சாரம் வந்தது. உள்கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் வரவில்லை. குடிநீர்த் தொட்டியை நிரப்ப, தெருவாசிகள் காசு சேர்த்து வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்தார்கள். கைபேசிக்கு மின்னூட்டக் காசு வாங்கியவரும் உண்டு. வாங்காமல் செய்தவரும் உண்டு. மெழுகுவர்த்தியின் விலையை ஏற்றியவரும் உண்டு. ஒரே புயல் ஒவ்வொருவரின் உள்ளத்தையும் ஒவ்வொரு விதமாகத் திறந்து காட்டிற்று.

இதற்கு முந்திய ஆண்டு, 2017 செப்டம்பர் 20-இல், அமெரிக்காவுக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவை மரியா என்னும் சூறாவளி தாக்கியது. அத்தீவு முழுமைக்கும் மின்சாரம் திரும்பச் சற்றேறக்குறைய 11 மாதங்கள் ஆயின. இறந்தவர் 64 பேர் என்றுதான் அரசு முதலில் சொல்லிற்று. பின்னர் ஆராய்ந்து 2,975 என்று ஒப்புக்கொண்டது. மற்றவர்களைக் காற்று கொல்லவில்லை. அதன்பின் வந்த மாதங்கள் கொன்றன. மூச்சுக் கருவி ஓடாமல், சிறுநீரகச் சுத்திகரிப்பு நடக்காமல், மருந்து கெட்டு, மருத்துவரிடம் போக வழியில்லாமல், ஒவ்வொருவராக அவரவர் வீட்டில் இறந்தார்கள். அப்படி இறப்பவரின் சுவருக்கு அடுத்த வீட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அந்த வீட்டாரின் நிலை மறுமையில் என்ன? மிச்சம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குள் உயிர்ப் பிரச்சினை அடங்கியிருக்கிறது.

முன்யோசனையுள்ள நம் வீட்டுக்காரரை அவசரப்பட்டுக் குறைசொல்ல வேண்டாம். அவர் தரப்பில் நியாயம் உண்டு. "நான் சிக்கனமாக இருந்து சேர்த்தேன். மற்றவர்கள் கல்யாணத்துக்கும் பந்தலுக்கும் செலவழித்தார்கள். இப்போது என் வாசலில் வந்து நிற்கிறார்கள்" என்பார். சேமிப்பது தவக்குலுக்கு விரோதமும் ஆகாது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்ததுண்டு என்று ஹலரத் உமர் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் இருக்கிறது. "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பவரைவிட இவர் மேலானவரே. ஆனால் அந்த ஓராண்டு உணவு ஆண்டு முடியும்வரை இருந்ததா? வந்து கேட்ட ஏழைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் போய், வீட்டில் அடுப்பெரியாத நாட்கள் வந்தன என்பதையும் அதே ஹதீது நூல்களில் காண்கிறோம். வைத்ததும் சுன்னத்து, வந்தவருக்குக் கொடுத்ததும் சுன்னத்து. நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளத் தயார்!

தண்ணீரைப் பொறுத்தவரை மார்க்கச் சட்டம் இன்னும் தெளிவு. பானையிலும் தொட்டியிலும் பிடித்து வைத்த நீர் பிடித்தவருக்கு உடைமை; அதை விற்கலாம். கிணற்று நீர் அப்படியல்ல. தன் தேவைக்கு மிஞ்சிய கிணற்று நீரைத் தாகித்த மனிதருக்கும் கால்நடைக்கும் தடுப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக விலக்கியிருக்கிறார்கள். உடைமையான பானைத் தண்ணீரிலும் கூட, தாகத்தால் உயிர் போகும் நிலையில் ஒருவன் வந்துவிட்டால், தனக்கு மிஞ்சியதைக் கொடுப்பது கடமை என்று ஃபிக்ஹு நூல்கள் கூறும். மதீனாவில் ரூமா கிணற்றின் நீர் காசுக்கு விற்கப்பட்டபோது, ஹலரத் உதுமான் (ரலி) அவர்கள் அதை விலைக்கு வாங்கி எல்லாருக்கும் வக்ஃபு செய்ததை மௌலவிமார்கள் பயானில் கேட்டிருக்கிறோம். இன்றைய ஆழ்துளைக் குழாய்க்கு அது பொருந்தாதோ? குழாயின் ஆழம் கூடினால் சட்டம் மாறிவிடுமா? பூமிக்கடியில் ஓடும் நீர் ஒரே நீர். பணமுள்ளவர் எண்ணூறு அடிக்குத் துளைத்ததால் பக்கத்து வீட்டாரின் இருநூறு அடிக் குழாய் வற்றிப்போனதும் உண்டு. அப்படியிருக்க, "என் கிணறு" என்ற சொல்லைச் சற்றுத் தயங்கித்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் டீசல்? மெழுகுவர்த்தி? பேட்டரி? இவை கிணற்று நீரல்லவே! இங்கே இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விலையேற்றத்துக்காகப் பதுக்கி வைப்பது இஹ்திகார், பாவம். உணவுப் பொருளைப் பதுக்குவதே இஹ்திகார் என்று இமாம்கள் பலர் வரையறுத்தார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ, எதைத் தடுத்து வைத்தால் பொதுமக்களுக்குத் துன்பம் வருமோ அது எல்லாம் இதில் அடங்கும் என்று விரிவாக்கினார்கள். பக்தாதில் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் சொன்ன தீர்ப்பு. இன்றைய டீசல் பீப்பாயை நேரில் பார்த்துச் சொன்னதுபோல் இருக்கிறது.

விற்கும் எண்ணமில்லாமல் தன் வீட்டுக்காகவே வைத்திருப்பவர் பதுக்கல்காரர் அல்லர். அவருக்குள்ள முன்மாதிரி வேறு. யமனிலிருந்து வந்த அஷ்அரி கூட்டத்தார், போர்க்களத்தில் உணவு குறைந்தாலும் ஊரில் பஞ்சம் வந்தாலும், ஒவ்வொருவரிடமும் இருந்ததை ஒரே துணியில் கொட்டி ஒரே பாத்திரத்தால் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்களாம். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு பேர் கடற்கரை நோக்கிச் சென்றபோது வழியில் உணவு தீரத் தொடங்கிற்று. அமீர் அவர்கள் எல்லாருடைய பையிலும் இருந்த பேரீச்சம்பழத்தை ஒன்றாகச் சேர்க்கச் சொன்னார்கள். நாளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டு, முடிவில் ஆளுக்கு ஒரே ஒரு பழம் என்ற அளவுக்கு வந்தது. ஒரு பழம் எதற்குப் போதும் என்று பின்னாளில் ஒருவர் கேட்டபோது, அதுவும் இல்லாமல் போனபின்தான் அதன் அருமை தெரிந்தது என்று ஹலரத் ஜாபிர் (ரலி) அவர்கள் சொன்னார்கள்.

இந்த நிகழ்ச்சியில் நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்று உண்டு. அமீர் அவர்கள் தனித்தனியே "தர்மம் செய்யுங்கள்" என்று உபதேசித்துக்கொண்டிருக்கவில்லை, சேர்க்கும்படி கட்டளையிட்டார்கள். பையில் நிறைய வைத்திருந்தவர் "நான் சிக்கனமாகச் சாப்பிட்டேன்" என்று வாதாடியதாகச் செய்தி இல்லை. நெருக்கடி ஒரு எல்லையைத் தாண்டியபின் மிச்சம் என்பது தர்மத்துக்குரிய பொருளாக இருப்பது மாறி, பிறருடைய ஹக்காக ஆகிவிடுகிறது என்றே எனக்குப் படுகிறது. இன்னொரு பிரயாணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள், மிகுதியான வாகனமும் உணவும் உடையவர் இல்லாதவருக்குக் கொடுக்கும்படி ஒவ்வொரு பொருளாகச் சொல்லிக்கொண்டே போக, தங்களுக்கு மிஞ்சியதில் தங்களுக்கு உரிமையே இல்லையோ என்று தோழர்கள் எண்ணும்படி ஆயிற்று என்று அபூசயீத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

அந்த எல்லை எது? முதல் நாள் மாலையிலேயே அடுத்த வீட்டாரின் பத்தாயத்தைத் திறக்கச் சொல்லலாமா? கூடாது. அது கொள்ளைக்கு வழி திறப்பதாகும். உரிமையுடையவரின் வாசலில் கூட்டம் கூட்டி மிரட்டி வாங்குவதற்கு மார்க்கம் அனுமதிக்கவில்லை. பொறுப்பிலுள்ளவர்தாம் பங்கிட வேண்டும். என் அபிப்பிராயத்தில், ஊர்த் தொட்டி வற்றி, லாரித் தண்ணீரும் வராது என்று தெரிந்த நாளே தண்ணீருக்கு எல்லை. உணவுக்கு அது சில நாட்கள் தள்ளி வரும். மருந்தைக் குளிர வைப்பதற்கும் மூச்சுக் கருவிக்கும் எல்லை முதல் மணி நேரமே. இதில் மாற்றுக் கருத்துடைய ஆலிம்கள் இருக்கலாம். அவர்கள் எழுதினால் நன்மையே.

விலை வாங்கலாமா என்று கேட்பார்கள். டீசல் எரிந்த செலவைக் கொடுக்க முடிந்தவரிடம் வாங்கிக்கொள்ளலாம், அதில் குற்றமில்லை. இருட்டைக் காரணமாக்கி அதற்குமேல் ஒரு காசு வைப்பது எத்தகையது என்பதை வைப்பவரின் உள்ளமே அறியும். கொடுக்க முடியாதவரைக் குடத்தோடு திருப்பி அனுப்புவதற்கோ இடமே இல்லை.

அடுத்த வீட்டார் முஸ்லிமாக இருக்க வேண்டுமா? தீர்த்தமலை போன்ற ஊர்களில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வாழ முடியாது. நம் வீடுகள் அங்கே கைவிரலில் எண்ணத்தக்கவை. சுற்றிலும் மாற்று மதச் சகோதரர்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூதராகிய அண்டை வீட்டாருக்கு அனுப்பினீர்களா என்றே திரும்பத் திரும்ப வினவினார்கள். தண்ணீருக்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா? மலைமேல் விழும் நீரும் குடம் ஏந்தி வருபவனின் குலம் கேட்பதில்லை.

இனி, பள்ளிவாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல ஊர்களில் பள்ளிவாசலுக்கென்று ஆழ்துளைக் கிணறும் ஜெனரேட்டரும் இருக்கின்றன. ஜெனரேட்டர் எதற்கு ஓடுகிறது? ஒலிபெருக்கிக்கும் மின்விசிறிக்கும். மின்சாரம் அறவே இல்லாத காலத்தில் இருக்கிற டீசலை எதற்குச் செலவிடுவது என்று முன்கூட்டியே ஜமாஅத்தார் முடிவு செய்திருக்க வேண்டும். ஒலிபெருக்கி வருவதற்கு முன்னும் நம் மோதினார்கள் பாங்கு சொன்னார்கள். மொட்டை மாடியில் ஏறி நின்று சொன்னால் போதும். அந்த டீசலைக் கிணற்றுக்கு ஓட்டுங்கள். ஒளுவுக்காக வக்ஃபு செய்த நீரைக் குடிக்கக் கொடுக்கலாமா என்று சந்தேகப்படுவோர் உண்டு. குடிப்பதற்கென்று வைத்த நீரில் ஒளு செய்வதுதான் கூடாது; ஒளுவுக்கென்று வைத்ததைத் தாகித்தவர் குடிக்கலாம் என்று ஹனஃபி நூல்களில் தெளிவாகவே இருக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே போவோம். கையில் ஒரு செம்புத் தண்ணீர்தான் இருக்கிறது. தொழுகை நேரம் வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு மனிதர் தாகத்தால் வாடுகிறார். அல்லது தொழுவத்தில் கறவைப் பசு நாக்கைத் தொங்கவிட்டு நிற்கிறது. என்ன செய்வது? நீரை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்து தொழ வேண்டும். நான்கு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம் இதுதான். தொழுகை மார்க்கத்தின் தூண். அந்தத் தூணுக்கு முந்திய ஒளுவே ஒரு வாயில்லா ஜீவனுக்காக மண்ணைத் தொடுவதாக மாறிவிடுகிறது. அப்படியிருக்க, நம் வீட்டு மாடித் தொட்டியில் வாகனம் கழுவுவதற்கும் செடிக்கு ஊற்றுவதற்கும் இருக்கும் நீருக்கு நாம் என்ன காரணம் சொல்லப் போகிறோம்?

யாருக்கு முதலில் என்பதை ஊர் பெரியவர்கள் இருட்டில் உட்கார்ந்து விவாதிக்கக் கூடாது. மஹல்லாவில் இன்சுலின் போடுபவர் யார், மூச்சுக் கருவி வைத்திருப்பவர் யார், பிள்ளை பெற்றவள் எந்த வீட்டில், தனியாக இருக்கும் கைம்பெண் எந்தச் சந்தில் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பதற்கு அரை நாள் போதும். சந்தாப் பாக்கியை எழுதும் அதே நோட்டின் பின்பக்கத்திலேயே எழுதலாம்! இன்சுலினைக் காக்கக் குளிர்சாதனப் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, நடுவில் ஈர மணலை நிரப்பி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் வெளியைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும்.

யாழ்ப்பாணத்து மக்கள் 1990 முதல் பல ஆண்டுகள் மின்தொகுப்பே இல்லாமல் வாழ்ந்தார்கள். மண்ணெண்ணெய்க்கும் தடை இருந்தது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, கொஞ்சமே மண்ணெண்ணெய் விட்டு, நூல் திரி போட்டு விளக்காக்கினார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அந்த விளக்கடியில் படித்த பிள்ளைகள் பரீட்சையில் தேறினார்கள். அதே 1990 அக்டோபரில் அந்த மண்ணின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்து முகாம்களில் வேறோர் இருட்டில் கிடந்ததையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. மனிதன் மின்சாரமில்லாமல் வாழ்ந்துவிடுகிறான். அண்டை வீட்டாரில்லாமல் வாழ்வதுதான் கடினம்.

மீண்டெழும் காலத்துக்கும் சில கடமைகள் உண்டு. கஜாவின்போது மாநிலத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து, சேற்றிலும் மழையிலும் நின்று கம்பம் நட்டார்கள். ஊர் மக்கள் அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டார்கள். அதே சமயத்தில், "எங்கள் ஊருக்கு முதலில்" என்று சாலையை மறித்தவர்களும் இருந்தார்கள். துன்பத்தில் பேசியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ரகசியமாகக் கையில் ஏதோ திணித்து, மருத்துவமனைக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் போகவேண்டிய ஆட்களைத் தன் தெருவுக்கு இழுத்துக்கொள்வது வேறு விஷயம். லஞ்சம் என்ற ஒரு பாவத்தோடு அது நிற்காது. வரிசையில் முன்னால் இருந்த நோயாளியின் ஹக்கும் அந்தப் பணத்தில் கலந்துவிடும். தொகுப்பு எழுவதற்கு ஓர் ஒழுங்கு இருப்பதை மேலே பார்த்தோம். அந்த ஒழுங்குக்கு உட்பட்டுத் தன் முறைக்குக் காத்திருப்பவனும் அதை எழுப்புகிறவர்களில் ஒருவனே.

ஜெனரேட்டர் வைத்திருப்போர் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று. தெருக் கம்பியோடு வீட்டு இணைப்பைப் பிரிக்கும் மாற்றுச் சுவிட்சு இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் சொருகினால், மின்சாரம் வந்த வழியே பின்னோக்கித் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்பார்மரில் ஏறி அது 11,000 வோல்ட்டாகவும் மாறிவிடும். செத்த கம்பி என்று நம்பிக் கை வைக்கும் ஊழியர் அந்த இடத்திலேயே இறப்பார். நமக்கு வெளிச்சம் தர வந்தவரை நம் வெளிச்சமே கொல்லும். அறியாமல் செய்தேன் என்பது கத்லுல் கத்தாவின் கணக்கிலிருந்து நம்மை விடுவிக்காது. தியத்தும் கஃப்பாராவும் அதற்கும் உண்டு. அதுபோல ஜெனரேட்டரைக் கூடத்திலோ மூடிய தாழ்வாரத்திலோ வைத்து ஓட்டக் கூடாது. அதன் புகையிலுள்ள நஞ்சுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே குடும்பத்தைக் கொண்டுபோய்விடும்.

ஹிஜ்ரி 18-இல் அரபு நாட்டைப் பெரும் பஞ்சம் பிடித்தது. மண் சாம்பலாகப் பறந்ததால் அந்த ஆண்டுக்கே சாம்பல் ஆண்டு என்று பெயர். மக்கள் நெய்யும் இறைச்சியும் உண்ணும் நாள் வரும்வரை தானும் தொடுவதில்லை என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் உறுதி பூண்டார்கள். எண்ணெயை மட்டும் தொட்டு உண்டு, மேனியின் நிறமே மாறிவிட்டது. வெளியிலிருந்து தானியம் வரவழைத்தார்கள். பசியால் திருடியவனின் கையை வெட்டுவதை நிறுத்தி வைத்தார்கள். பஞ்சத்தில் திருடுபவனைவிட, அவனைப் பட்டினி போட்ட ஊரின் மீதே கேள்வி அதிகம் என்பது அதன் உட்பொருள் போலும். நம் ஜமாஅத்து தலைவர்களும் முத்தவல்லிகளும் முதல் குடம் தங்கள் வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டாலே, ஊரில் பாதிச் சச்சரவு எழாது.

இதற்கெல்லாம் எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்வேன். தீர்த்தமலைப் பக்கத்தில் நீர் பல நூறு அடிக்குக் கீழே போய்விட்ட இடங்களில் கைப்பம்பு பயன்படாது. அது ஏறக்குறைய நூற்றைம்பது அடி வரைக்குமே இழுக்கும். அங்கே பள்ளிவாசல் கிணற்றுக்கு ஒரு சூரிய ஒளி பம்பு வைப்பதே வழி. ஒரு வீட்டுக் கல்யாணத்தின் பந்தல், விளக்குச் செலவில் அது முடிந்துவிடும்; சதக்கத்துன் ஜாரியாவாகவும் நிற்கும். நீர் மேலாக இருக்கும் ஊர்களில் செலவு இன்னும் குறைவு. பழைய திறந்த கிணறுகள் பல, குப்பை கொட்டி மூடப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றைத் தூர் வாரி, சுற்றுச் சுவர் எழுப்பி, ஒரு சகடையும் கயிறும் மாட்டிவிட்டால் எந்தத் தொகுப்பு விழுந்தாலும் தண்ணீர் கிடைக்கும். தூர் வார ஏற்ற காலம் கோடை. நீர் அடியில் கிடக்கும்போதுதான் ஆள் இறங்க முடியும். நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் கெட்ட காற்று தேங்கியிருக்கும். ஆளை இறக்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால், காற்று மாறும்வரை யாரையும் இறக்கலாகாது.